வாசகர் வட்டத்துக்கு இணையதளம்: எந்த வகை சரிப்படும்?

குற்றாலச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். வட்டத்துக்கென்று இணையதளம் தொடங்கலாம் என்று போன கூட்டத்தில் முடிவாகிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பணமும் தருகிறார். சிக்கல் அதற்கப்புறம்தான்.

தளம் செய்து தரும் ஒருவரிடம் விலை கேட்டோம். முகப்பு, செய்திகள், நிகழ்ச்சிகள், புகைப்படத் தொகுப்பு, காணொளி, மின்னூலகம், உறுப்பினர் லாகின், கலந்துரையாடல், புத்தகக் கடை என்று எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 12,000 என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். "எல்லாமே இருக்கட்டும், காசா பணமா" என்கிறார் எங்கள் தலைவர். காசும் பணமும்தான் ஐயா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான்: 1960களில் ஊர் இளைஞர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், கோயில் கொடை அழைப்பிதழ்கள், ஒரு பெட்டி நிறையப் பழைய புகைப்படங்கள். மாதம் ஒரு கூட்டம் நடக்கும். எப்போதாவது ஒரு சின்ன வெளியீடு வரும். எந்த மாதிரித் தளம் எங்களுக்குச் சரிப்படும்?

---

செல்வி_நெல்லை எழுதியது:

தளம் செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொட்டேஷனில் ஏழெட்டுத் தளங்கள் ஒன்றாக அடைபட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, பார்த்துக்கொள்ளும் ஆளும் வேறு.

வருகிறவர் என்ன செய்ய வருகிறார் என்று முதலில் பாருங்கள். முகவரி, போன் நம்பர், நேரம் இவற்றைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு நாலு பக்கம் போதும். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஆடிட்டர் அலுவலகம் போன்றவற்றின் தளங்கள் இந்த ரகம். உலகின் முதல் இணையதளமே கிட்டத்தட்ட இப்படித்தான். 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா பக்கத்தில் சேர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து ஊருக்கெல்லாம் திறந்துவிட்ட அந்தத் தளத்தில், இந்த வலை என்பது என்ன, நீங்களும் ஒன்றை அமைப்பது எப்படி என்ற விளக்கம் மட்டுமே இருந்தது. அதன் பிரதியை இன்றைக்கும் திறந்து படிக்கலாம். முப்பது வருடத்துக்கும் மேலான பக்கம், இன்றைய பிரவுசரில் ஒரு குறையும் இல்லாமல் வருகிறது. எளிமையாகச் செய்ததன் பலன் அது.

செய்தித் தளமும் வலைப்பூவும் வேறு ரகம். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க அங்கே ஆட்கள் வருவார்கள். வந்த இரண்டு முறையும் ஒன்றும் மாறவில்லை என்றால் மூன்றாம் முறை வர மாட்டார்கள். உங்கள் வட்டத்தில் வாராவாரம் உட்கார்ந்து எழுத ஆள் உண்டா? "செய்திகள்" என்ற தலைப்புக்குக் கீழே இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கல் வாழ்த்து கிடந்தால், வட்டமே கலைந்துவிட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

கடை இன்னொரு ரகம். ஆன்லைனில் பணம் வாங்க பேமென்ட் கேட்வே வேண்டும். அவர்கள் பான் கார்டு, வங்கிக் கணக்கு, பணம் திருப்பித் தரும் விதிமுறைப் பக்கம் எல்லாம் கேட்பார்கள். எப்போதாவது ஒரு வெளியீடு போடும் வட்டத்துக்கு இது தேவையா? அட்டைப்படத்தின் கீழே போன் நம்பரைப் போடுங்கள். வேண்டியவர் கூப்பிட்டு யூபிஐயில் பணம் அனுப்பிவிடுவார்.

உறுப்பினர் லாகின் வைத்தால் அத்தனை பேரின் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் காப்பது உங்கள் பொறுப்பாகிவிடும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்துவிட்டது. உள்ளே போனால் காட்டுவதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

இந்தப் பட்டியலில் வேறெங்கும் கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான், அந்தக் கையெழுத்துப் பத்திரிகை. கொட்டேஷனில் அதற்கு "மின்னூலகம்" என்று ஒரு சொல் ஒதுக்கியிருக்கிறார். காசை அங்கே போடுங்கள்.

---

சும்மா_இருப்பவன் எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு? ஒரு ஃபேஸ்புக் பக்கம், ஒரு வாட்ஸ்அப் குழு. செலவு சுழியம். உங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் ஏற்கனவே அங்கேதான் இருக்கிறார்கள். இந்தக் காலத்தில் யார் அட்ரஸ் அடித்து ஒரு வெப்சைட்டுக்குப் போகிறார்கள்?

---

பழையதாள் எழுதியது:

தம்பி சும்மா_இருப்பவன், கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வாட்ஸ்அப் போல வேறு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அடுத்தவர் வீட்டுத் திண்ணை. வீட்டுக்காரர் கதவைச் சாத்தும் நாளை நாம் முடிவுசெய்ய முடியாது.

இதை நாம் ஏற்கனவே பார்த்தாயிற்று. 2000களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழில் எழுதிப் பழகியவர்களில் நிறையப் பேர் யாஹூ நிறுவனத்தின் மின்னஞ்சல் குழுமங்களில்தான் இருந்தார்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று எத்தனை குழுக்கள், எத்தனை சண்டைகள், எத்தனை நல்ல கட்டுரைகள்! 2019 கடைசியில் குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய மடல்களை அழிக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடியது. தரவிறக்கி வைத்தவர்களிடம் கொஞ்சம் மிஞ்சியது. அதே யாஹூ 1999இல் பெரும் தொகைக்கு வாங்கிய ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் மூடியது. ஆளாளுக்கு ஒரு வீட்டுப் பக்கம் கட்டிக்கொள்ளும் இடம் அது. நம் ஆட்களின் ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்களும் அங்கே இருந்தன. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது.

வாட்ஸ்அப் குழுவுக்குள் போட்ட படத்தைத் தேடுபொறி எடுத்துக் காட்டாது. ஃபேஸ்புக்கில் மூன்று வருடத்துக்கு முன் போட்ட பதிவைப் போட்டவரே தேடிக் கண்டுபிடிக்கப் படும் பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும். சமூக ஊடகம் இன்றைய பேச்சுக்கு உரிய இடம். 1960களின் இதழை அங்கே கொண்டுபோய்ப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

---

சும்மா_இருப்பவன் எழுதியது:

சரி பெரியவரே. அதற்காக யாரும் எட்டிப் பார்க்காத தளம் ஒன்றைக் கட்டி வைத்து என்ன லாபம்? நாளைக்கு நாலு பேர் கூட வர மாட்டார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

வடமராட்சியான் எழுதியது:

நாலு பேர் வந்தால் போதும் என்று நடக்கிற தளங்களும் உண்டு, தம்பி. எங்கட பக்கத்தில் நூலகம் தளம் 2005இல் தொடங்கியது. ஈழத்துத் தமிழ் எழுத்துகள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போய்விட்டன. அந்த இழப்பை அறிந்த சனத்துக்கு இப்படியொரு தளம் ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு பாடசாலையின் ஐம்பது வருடத்துக்கு முந்தைய மலரை ஒருவர் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் தேடி வருவார். வருகிற நேரம் அது அங்கே இருக்க வேண்டும். செய்தித் தளத்தை அளக்கும் கோலால் ஆவணத் தளத்தை அளக்கக் கூடாது.

ஒன்றைக் கவனியுங்கோ, குற்றாலச்சாரல். மின்னூலகம் என்று சொல்வதிலேயே இரண்டு வகை இருக்கிறது. நூலகம் தளத்தில் பெரும்பாலும் பக்கத்தின் படம் இருக்கும். மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளத்தில் தட்டச்சு செய்த எழுத்து இருக்கும். எது வேண்டும் என்று முதலே முடிவு பண்ணினால்தான் வேலையைப் பிரிக்கலாம்.

---

பழையதாள் எழுதியது:

வடமராட்சியான் சொன்னது முக்கியம், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதல் இக்கால எழுத்து வரை தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் ஏற்றினார்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு அன்று புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஒருவர் அனுப்பியது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். பிறகு டிஸ்கி என்ற குறியாக்கத்தில் போட்டார்கள், அதற்கும் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். மாற்ற முடிந்ததற்குக் காரணம், அது வெறும் எழுத்துக் கோப்பாக இருந்ததுதான். வடிவமைப்பு அலங்காரம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

எழுத்தாக இருந்தால் ஒரு சொல்லைத் தேடலாம், நகலெடுக்கலாம், சிறிய போனிலும் படிக்கலாம். படமாக இருந்தால் மூலத்தின் முகம் தெரியும்: ஓரத்தில் யாரோ பென்சிலில் எழுதியது, வாட்டர்கலர் அட்டை, அடித்துத் திருத்திய வரி. கையெழுத்துப் பத்திரிகைக்குப் படம்தான் உயிர். தட்டச்சு செய்து போட்டால் அதன் பாதி போய்விடும். அதனால் உங்களுக்குப் பட வகை. ஒவ்வொரு இதழுக்கும் உள்ளடக்கப் பட்டியலை மட்டும் எழுத்தாக அடித்துச் சேருங்கள்.

---

செல்வி_நெல்லை எழுதியது:

அந்தக் கடைசி வரியை நான் அடிக்கோடிடுகிறேன். கையெழுத்தில் இருக்கும் தமிழைப் படத்திலிருந்து பிரித்துப் படிப்பதில் தேடுபொறிகளை நம்ப முடியாது. இதழின் பெயர், மாதம், ஆண்டு, எழுதியவர்கள், கதைத் தலைப்புகள் எல்லாம் எழுத்தாக இருந்தால்தான் யாராவது தன் தாத்தா பெயரைத் தட்டும்போது உங்கள் பக்கம் வந்து நிற்கும். பழையதாள் ஐயா, தினமும் கூட்டம் வர வேண்டியதில்லை என்பதை ஏற்கிறேன். தேடுகிறவருக்கும் கிடைக்காமல் இருந்தால் அதற்கு ஆவணத் தளம் என்று பெயர் வைத்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அப்படி நிறையத் தளங்களைப் பார்த்திருக்கிறேன்.

---

தாரணி எழுதியது:

குறுக்கே ஒரு யோசனை. ஊர் வரலாற்றுக்கு விக்கி மாதிரி வைத்தால் என்ன? ஆளாளுக்குத் தெரிந்ததை எழுதலாம். இல்லையென்றால் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே வாசகர் வட்டத்துக்கு ஒரு கட்டுரை போட்டுவிடலாமே.

---

பழையதாள் எழுதியது:

அம்மா தாரணி, விக்கிப்பீடியாவில் கொஞ்ச காலம் உழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் உண்டு. அது கலைக்களஞ்சியம். வேறெங்காவது நம்பத்தக்க இடத்தில் அச்சேறியதைத் தொகுத்துச் சொல்வது அதன் வேலை. "எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டது" என்று எழுதினால் சான்று கேட்பார்கள். வட்டத்தைப் பற்றி வட்டமே எழுதினால் விளம்பரம் என்று நீக்கிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

ஆனால் அதே குடும்பத்தில் வேறு வீடுகள் இருக்கின்றன. உரிமம் தெளிவாக உள்ள பழைய படங்களுக்குப் பொதுவகம். காப்புரிமை முடிந்த நூல்களுக்கும் நாட்டுடைமையான நூல்களுக்கும் விக்கிமூலம். அங்கே பக்கப் படத்தை ஒரு பக்கமும் தட்டச்சு செய்த எழுத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு மெய்ப்புப் பார்ப்பார்கள். பார்க்கவே அழகான ஏற்பாடு.

சொந்தமாக விக்கி வைப்பது பற்றி: திறந்துவைத்த முதல் வாரத்திலேயே விளம்பர ரோபோக்கள் வந்து குவியும். தினமும் துடைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் வையுங்கள்.

---

கணினிக்கடை_முத்து எழுதியது:

நீங்கள் எல்லாம் படித்தவர்கள், வகைவகையாகப் பிரித்துப் பேசுகிறீர்கள். என் கடைக்கு வருகிறவர்களுக்கு இணையம் என்றால் பட்டா, வில்லங்கம், டிக்கெட், ரிசல்ட், அவ்வளவுதான். படிப்பதற்காக யாரும் வருவதில்லை. ஒரு வேலை முடிய வேண்டும், காகிதம் கைக்கு வர வேண்டும். இந்த ரகத் தளத்தை நீங்கள் யாரும் இன்னும் பேசவே இல்லை.

ரயில் டிக்கெட் இணையத்தில் வந்தது 2002இல். தட்கல் என்றால் ஏசிக்குக் காலை பத்து மணி, மற்றதற்குப் பதினொன்று. அந்த நேரத்தில் அந்தத் தளம் அழகாக இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. சேவைத் தளத்துக்கு அதுதான் பரீட்சை: எல்லாரும் ஒரே நிமிஷத்தில் வந்து மோதும்போது நிற்கிறதா?

இன்னொரு பக்கம் போலிகள். பட்டா நகல் வேண்டும் என்று தேடினால் சில சமயம் மேலே வருவது விளம்பரம். உள்ளே அரசுத் தளம் போலவே நிறம், கோபுரப் படம், எல்லாம் இருக்கும். பெயர், சர்வே நம்பர் வாங்கிக்கொண்டு கடைசியில் கட்டணம் கேட்கும். தமிழ்நாடு அரசின் தளத்தில் பட்டா, சிட்டா பார்க்க ஒரு பைசா கிடையாது. பாஸ்போர்ட்டிலும் இதே போலிக் கதைதான். போலித் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டிருக்கிறது.

நான் வருகிறவர்களிடம் சொல்வது: படத்தைப் பார்க்காதீர்கள், முகவரியின் வாலைப் பாருங்கள். ஜிஓவி டாட் இன் என்று முடிந்தால் அரசு. அந்த வால் தனியாருக்குக் கிடைக்காது.

---

தாரணி எழுதியது:

முத்து அண்ணா, ரயில் டிக்கெட் தளம் ஜிஓவி டாட் இன் இல்லையே, சிஓ டாட் இன் தானே?

---

கணினிக்கடை_முத்து எழுதியது:

சரியாகப் பிடித்தாய் தங்கச்சி. அது ரயில்வேயின் கீழ் இருக்கும் பொதுத்துறை நிறுவனம், அதனால் கம்பெனி வால். இப்படி விலக்குகள் இருப்பதால்தான் ஜனங்கள் குழம்புகிறார்கள். வங்கிகளுக்கு இந்தக் குழப்பம் வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2025இல் பேங்க் டாட் இன் என்று தனி வாலே கொண்டுவந்து, அந்த ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்றது. பழைய முகவரியைப் புக்மார்க் செய்து வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பூட்டு என்றால் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும் அர்த்தம். எதிர்முனையில் உட்கார்ந்திருப்பவன் திருடனா என்று பூட்டுக்குத் தெரியாது. பூட்டைக் காட்டவைக்கும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்குவான். குரோம் 2023இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே போன் போடுங்கள், மறுநாள் வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

---

சும்மா_இருப்பவன் எழுதியது:

வாசகர் வட்டத்தில் ஆரம்பித்துச் சைபர் கிரைம் வரை வந்தாயிற்று. இழைக்கு நல்ல வளர்ச்சி.

முத்து அண்ணன் சொன்னதில் ஒரு சந்தேகம். போலித் தளத்தை வாலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். "2000 ரூபாய்க்குள் சிறந்த 10 மிக்ஸிகள்" என்று எழுதும் தளங்கள் எந்த ரகம்? போலியும் இல்லை, உண்மை மாதிரியும் இல்லை.

---

தாரணி எழுதியது:

அது எனக்குத் தெரிந்த ஏரியா, கொஞ்ச நாள் அந்த மாதிரித் தளம் ஒன்றுக்கு எழுதியிருக்கிறேன். பார்வைக்கு அது விமர்சனத் தளம், பிழைப்புக்கு அது கடையின் வாசல். ஒவ்வொரு மிக்ஸியின் கீழும் "விலையைப் பார்க்க" என்று ஒரு இணைப்பு இருக்கும். அதன் வழியாகப் போய் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். அமேசான் இந்த ஏற்பாட்டை 1996இலேயே தொடங்கிவிட்டது. மிக்ஸியைக் கண்ணால் பார்க்காமல்தான் எழுதினோம், பெட்டியில் அச்சிட்டிருப்பதை மாற்றிப் போட்டு. எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். வாங்கி உபயோகித்து, படம் எடுத்து, குறையும் சொல்கிறவர்கள் உண்டு. குறை ஒன்றுகூடச் சொல்லாத தளத்தில் நான் எதையும் வாங்குவதில்லை.

ஒரு தளம் எந்த வகை என்று தெரிய, அதற்குச் சோறு போடுவது யார் என்று பார்த்தால் போதும் என்பது என் கட்சி. விக்கிப்பீடியாவில் விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. அதனால்தான் வருடாவருடம் மேலே பெரிதாகப் பட்டை கட்டிப் பணம் கேட்கிறார்கள். செய்தித் தளம் விளம்பரத்தில் ஓடினால் ஒரு செய்தியை நாலு பக்கமாக வெட்டி, "அடுத்து நடந்தது என்ன?" என்று தலைப்பு வைக்கும். சந்தாவில் ஓடினால் பாதியில் பூட்டுப் போடும்.

சில நேரம் ஆட்களே வகையை மாற்றிவிடுவதும் உண்டு. முருகவேல் ஜானகிராமன் 1997இல் அமெரிக்காவில் இருந்தபோது அங்குள்ள தமிழர்களுக்காக ஒரு பொதுத் தளம் நடத்தினார். செய்தி, நாட்காட்டி என்று பல பகுதிகளுக்கு நடுவே வரன் பகுதியும் ஒன்று. கூட்டம் எல்லாம் அங்கேதான் போனது. மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளி அதையே பிடித்துக்கொண்டார். பாரத் மேட்ரிமோனி அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆக, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு எது ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் தலைவர் சொன்னால், அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

---

செல்வி_நெல்லை எழுதியது:

அந்த உதாரணம் வியாபாரத்துக்குப் பொருந்தும் தாரணி. அவர் முழு நேரமும் அதில் உட்கார்ந்திருந்தார். வட்டத்தில் எல்லாருக்கும் வேறு வேலை இருக்கிறது, ஓடாத பகுதிகளை மூடக்கூட ஆள் வராது. அவை அப்படியே திறந்து கிடக்கும்.

வேறு ஒரு விஷயம், இதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். குற்றாலச்சாரல், டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகும் என்று கேட்டீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தில், தளம் செய்து தந்தவரே தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவுசெய்துகொண்டார். சில வருடம் கழித்து ஆளைப் பிடிக்க முடியவில்லை, புதுப்பிக்கவும் இல்லை. காலாவதியான பெயரை வேறு எவரோ வாங்கிவிட்டார்கள். இன்றைக்குப் பள்ளியின் பெயரைத் தட்டினால் ரம்மி விளம்பரம் வருகிறது. பொன்விழா மலரில் அந்த முகவரியை வேறு அச்சடித்திருக்கிறார்கள்.

டொமைனை வட்டத்தின் பெயரில், வட்டத்தின் பொது மின்னஞ்சலில், உங்கள் கையாலேயே வாங்குங்கள். டாட் இன் என்று முடியும் ஒரு டொமைன் சாதாரணமாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். சில வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பாஸ்வேர்டு இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

---

குற்றாலச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். இரண்டு மணி நேரம் வாக்குவாதம். கடையும் லாகினும் கலந்துரையாடலும் போய்விட்டன. கலந்துரையாடலுக்கு இருக்கும் வாட்ஸ்அப் குழுவே போதும் என்று ஆகிவிட்டது (சும்மா_இருப்பவன் மகிழ்க). "செய்திகள்" மட்டும் கட்டாயம் வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாக நிற்கிறார். செய்தி இல்லாத தளம் என்ன தளம் என்கிறார்.

அடுத்த சந்தேகம், இதழ்களின் படங்களை எங்கே ஏற்றுவது? நாங்கள் வாங்கும் இடத்திலா, வேறு எங்காவதா? காப்புரிமைச் சிக்கல் வருமா?

---

செல்வி_நெல்லை எழுதியது:

தலைவருக்கு ஒரு வழி இருக்கிறது. செய்திப் பகுதிக்குப் பதில் முகப்பில் ஒரு பெட்டி: "அடுத்த கூட்டம்" என்று தேதி, இடம், பேசும் நூல். மாதம் ஒரு வரி மாற்றினால் போதும். "ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு, நூலக மாடியில்" என்கிற மாதிரி நிலையாக எழுதிவிட்டால் மாற்ற மறந்தாலும் பொய்யாகாது.

தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் என்று யாராவது சொல்வார்கள். 2003இல் வந்தது, இன்றைக்கு உலகத்தில் உள்ள தளங்களில் சுமார் 40 சதவீதம் அதில்தான் ஓடுகிறது, நல்ல கருவி. ஆனால் அதையும் அதில் சேர்க்கும் துணை மென்பொருள்களான பிளகின்களையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். உங்களுக்கு வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்கள் போதும். அவற்றை வைக்க கிட்ஹப் பேஜஸ் போல இலவச இடமே இருக்கிறது. என்னைக் கேட்டால் 48,000 ரூபாய் வேலை இது இல்லை. என் தொழிலைச் செய்கிறவர்கள் என்னைத் திட்டட்டும்.

---

பழையதாள் எழுதியது:

படங்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கியது, லாப நோக்கமில்லாதது. ஸ்கேன் செய்த புத்தகத்தை ஏற்றினால் அங்கேயே பக்கம் புரட்டிப் படிக்கும் வசதி, தரவிறக்கம், நிலையான முகவரி எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். உங்கள் தளத்தில் பட்டியலும் இணைப்பும் மட்டும் இருக்கட்டும். தளம் நாளைக்கே நின்றுபோனாலும் இதழ்கள் அங்கே இருக்கும். ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகி அதுவும் சில நாள் முடங்கிக் கிடந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள்.

காப்புரிமை: நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. 1960களில் எழுதிய இளைஞர்கள் இன்று எண்பது வயதில் உயிரோடு இருக்கலாம். தேடிப் போய், இணையத்தில் இலவசமாகப் படிக்க வைப்பதில் ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவர்கள் அரிது. போகிற சாக்கில் புகைப்படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல வேறு ஆள் கிடைக்க மாட்டார்கள்.

---

சும்மா_இருப்பவன் எழுதியது:

நாலு பேர்தான் வருவார்கள் என்று சொன்னதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் எங்கள் சித்தப்பா அந்தப் பக்கத்துக்காரர், நாடகத்தில் ஸ்திரீ பார்ட் போட்டவர். நோட்டீஸ் ஏற்றியதும் இணைப்பைத் தட்டி விடுங்கள், அவருக்கு அனுப்புகிறேன்.

---

குற்றாலச்சாரல் எழுதியது:

கட்டாயம் அனுப்புகிறேன். சித்தப்பா எந்த ஊர் என்று தனிமடலில் சொல்லுங்கள், எங்களிடம் ஒரு மேக்கப் போட்ட குழுப் படம் இருக்கிறது, பெயர் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று: தாள்கள் நொறுங்குகிற நிலையில் இருக்கின்றன. ஸ்கேனரில் வைத்து அழுத்தலாமா? கோப்புக்கு எப்படிப் பெயர் வைப்பது?

---

வடமராட்சியான் எழுதியது:

அழுத்த வேண்டாம். நல்ல போன் கேமராவை ஸ்டாண்டில் கட்டி மேலேயிருந்து எடுங்கோ. சன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். தட்டையாகக் கிடக்கக்கூடிய உறுதியான தாளென்றால் மட்டும் ஸ்கேனர், 300 டிபிஐ, கலரில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் எழுத்து மறைந்துபோகும். வெற்றுப் பக்கத்தையும் அட்டையின் உள்பக்கத்தையும் விடாமல் எடுங்கோ.

பெயருக்கு ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு பக்கம், மூன்றும் இலக்கத்தில்: 1964-08-003 என்கிற மாதிரி. அப்படி வைத்தால் கணினி தானாகவே வரிசையில் அடுக்கும். மாதம் தெரியாத இதழுக்கு 00 போடுங்கோ, ஊகித்து எழுத வேண்டாம்.